பினாங்கில் பதினான்கு நாளும் ஒரு வியாழக்கிழமைப் படகும்

என் தம்பி குகனை ஊருக்குத் திரும்பிப் போகவிடாமல் தடுப்பதற்காகத்தான் நான் பினாங்குக்குப் போனேன். மற்றவர்களிடம் சொன்ன காரணம் வேறு. பெரிய பட்டமொன்றைக் காற்றில் ஏற்றி, அது இழுக்கிற இழுவையில் பலகை மேல் நின்றபடி கடலில் சறுக்கிப் போகும் விளையாட்டு அப்போதுதான் ஐரோப்பாவில் தலைகாட்டியிருந்தது. டென்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒருவன் எனக்கு அதைப் பழக்கிவிட்டான். குளிர்கடலில் பல் கிட்டிப்போக விளையாடி அலுத்துவிட்டது, வெயில் உள்ள கடலில், ஆளில்லாத தீவொன்றில் விளையாடிப் பார்க்கவேண்டும், நீயும் வா என்று குகனுக்கு எழுதினேன்.

அவனைக் கண்டு பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அகதி அந்தஸ்தில் இருக்கும் நான் ஊருக்குப் போகமுடியாது. டென்மார்க் அவனுக்கு இரண்டு தடவை விசா மறுத்துவிட்டது. இரண்டு பேரும் கால்வைக்கக்கூடிய இடம், எங்கள் அக்கா கல்யாணம் செய்து போயிருந்த பினாங்கின் ஜோர்ஜ் டவுன் ஒன்றுதான். அம்மா போன வருடம் காலமாகிவிட்டார். வீட்டில் அவன் தனி. பருத்தித்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறான். சண்டை முடிகிற பாடில்லை. இனி அவன் அங்கே என்னத்துக்கு?

நான் தேர்ந்தெடுத்த தீவு தெற்கே, பக்கத்து மாநிலமான பேராக்கின் கரைக்கு அப்பால் இருந்தது. சில மீனவர் குடிசைகள், ஒரு கிணறு, தொலைபேசி கிடையாது. வாரத்தில் ஒரேயொரு படகு, வியாழக்கிழமை போகும். அடுத்த வியாழன்தான் திரும்பும். குகன் வந்து நிற்பது சனி முதல் சனிவரை பதினான்கு நாள். இரண்டாவது வியாழன் அவனை அந்தப் படகில் ஏற்றிவிட்டால் சனிக்கிழமை அவனுடைய விமானம் அவனில்லாமலே போய்விடும். டிக்கெட் செத்துவிடும். அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பேசி அவனை மனம் மாற்றலாம். இதுதான் என் திட்டம். அக்காவுக்கு மட்டும் சொல்லியிருந்தேன்.

மாதம் தை. அதில் யோசிக்க எதுவுமே இருக்கவில்லை. தை பிறந்தால் எங்கள் கரையில் வாடை அடிக்கும். பொங்கலன்று ஊர் முழுக்கப் பட்டம் ஏறும். காற்றில் அதிரும் விண் நார் பூட்டிய பெரிய பட்டங்கள் இரவு பகலாக மேலே கூவிக்கொண்டு நிற்கும். பட்டம் என்றால் தை, தை என்றால் காற்று. பினாங்கும் ஏறக்குறைய அதே அகலக்கோட்டில்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

சாமான்களோடு வெள்ளிக்கிழமை படகுத்துறையில் இறங்கினேன். பலகை என்னைவிட நீளம். டாக்சிக்காரர்கள் அதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சீனக் கிழவர் தன்னுடைய மூன்று சக்கர ரிக்‌ஷாவின் முன் இருக்கையில் அதைக் குறுக்காக வைத்து, கயிற்றால் வரிந்து கட்டினார். அதற்குப் பிறகு எனக்கு இருக்க இடமில்லை. பயணிக்கு உரிய இடத்தில் பலகை சவாரி செய்ய, வாடகை கொடுத்த நான் பின்னால் நடந்தேன். பலகை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்ததால் ஒரு தெரு முழுக்க வாகனங்கள் எங்களுக்குப் பின்னால் ஊர்ந்தன. டென்மார்க்காக இருந்திருந்தால் பொலிஸ் வந்திருக்கும். இங்கே ஒருவர் சிரித்துக்கொண்டு குடையால் வழிகாட்டினார்.

மறுநாள் குகன் வந்தான். கையில் ஒரு சின்னப் பை. நெற்றி ஏறி, கன்னம் ஒட்டி, அப்பாவின் சாயலில் இருந்தான். கட்டிப்பிடிக்கலாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் நான் அவனுடைய பையை வாங்கிக்கொண்டேன்.

"மெலிஞ்சுபோனாய்," என்றேன்.

"நீங்கள் எனக்கும் சேத்துச் சாப்பிட்டிருக்கிறியள் போல," என்றான்.

அவ்வளவுதான். பதினான்கு வருடத்துக்கு அது போதாது. அன்றைக்கே, அந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம். எந்த முகத்தோடு கேட்பது? கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வு இருக்கிறது, நாலு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கிளம்பியவன் நான். பத்தொன்பது வயதுத் தம்பியை வாசல் படலையடியில் நிற்கவைத்துவிட்டுப் போனேன். அப்பாவின் செத்தவீட்டையும் அம்மாவின் செத்தவீட்டையும் அவன்தான் பார்த்தான். அவனிடம் போய், எனக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே நில் என்று கேட்க என் வாய் எழும்பவில்லை. கேட்பதைவிடக் கெட்டித்தனம் செய்வது லேசாகத் தெரிந்தது.

அக்கா வீட்டில் தைப்பூச விரதம். முட்டைகூட உள்ளே வராது. மூன்றாம் நாளே நானும் குகனும் கடற்கரைக்கு நடக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோறும் பலவகைக் குழம்பும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடைக்குள் நுழைந்தோம். பரிமாறுகிறவர் தமிழ் முஸ்லிம். சோற்றை அள்ளிப் போட்டு அகப்பையைத் தூக்கிப் பிடித்தார்.

"அண்ணே, கறி பஞ்சிர் போடவா?"

வெள்ளம் போல எல்லாக் குழம்பையும் ஊற்றிவிடட்டுமா என்று அர்த்தம். ஊற்றினார். மீன் முட்டையும் மாட்டிறைச்சிக் குழம்பும் கணவாயும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. குகன் தலைநிமிராமல் சாப்பிட்டான். சோறு முடிந்ததும் தட்டை விரலால் வழித்தான். அவன் அப்படிச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என் கணவாயையும் அவன் பக்கம் தள்ளினேன்.

"அங்க கணவாய் கிடைக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"கடலுக்கு ஆமி விட்டால்தானே அண்ணா. காலமை ஆறிலிருந்து பின்னேரம் வரைக்கும் எண்டுவினம், பிறகு இண்டைக்கு இல்லை எண்டுவினம்." கையைக் கழுவிக்கொண்டே கேட்டான்: "தீவில எத்தினை நாள் நிப்பம்?"

"ரெண்டு மூண்டு நாள்," என்றேன். பொய் சொல்லும்போது எனக்குச் சின்ன வயதிலிருந்தே காது சூடாகும். அவன் என் காதைப் பார்க்காமல் வீதியைப் பார்த்தான்.

திரும்பும் வழியில் ஒரு புத்தகக் கடைக்குள் புகுந்து உலகப்படம் ஒன்று வாங்கினான். சுவரில் மாட்டுகிற பெரிய அளவுப் படம், துணியில் ஒட்டியது. வகுப்பில் இருந்த படம் கூரை ஒழுகி நனைந்துவிட்டதாம். ஓகஸ்டில் சோதனை, முப்பத்தொரு பிள்ளைகள், மற்ற இரண்டு ஆசிரியர்களும் போய்விட்டார்கள் என்று கடைக்காரருக்கே விளக்கம் சொன்னான். கடைக்காரர் அதைச் சுருட்டி, கடதாசியால் சுற்றிக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பிப் போகிறவன்தான் உலகப்படம் வாங்குவான். அன்று முழுக்க அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பொங்கல் புதன்கிழமை. அத்தான், அதாவது அக்காவின் கணவர், அடுத்த நாள் காலையே படகுக்குப் போய்விடலாம் என்று குதித்துக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்கு வந்தது. அவரும் துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வியாழன் போனால் இரண்டாவது வியாழன் திரும்பிவிடுவோம். பிறகு சனிக்கிழமை தம்பி சுகமாக விமானம் ஏறிவிடுவான். என் திட்டமே பாழ்.

காப்பாற்றியது அக்கா. "நாளைக்குக் கரிநாள். கரிநாளில கடல் பயணம் போறதோ? அடுத்த கிழமை போங்கோ லா," என்று, பினாங்குப் பேச்சில் தொற்றிக்கொண்ட 'லா'வோடு, பஞ்சாங்கத்தைத் தூக்கிக் காட்டினார். அத்தான் பயணத்தை அடுத்த வியாழனுக்குத் தள்ளிவைத்தார். நான் பஞ்சாங்கத்தை நம்பாதவன். அன்று கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஆனால் அத்தானின் கிளார்க் மூளையை யாரால் அடக்கமுடியும்? ஞாயிறு காலை தோசைக்கு உட்கார்ந்தபோது அத்தான் தட்டச்சுச் செய்த பயணத்திட்டத்தைக் கொண்டுவந்தார். கார்பன் வைத்து மூன்று பிரதி. எனக்கொன்று, குகனுக்கொன்று, கோப்புக்கு ஒன்று.

"மச்சான், ஒரு பிரச்சன," என்றார் என்னைப் பார்த்து. "வியாழன் போனா, திரும்ப அடுத்த வியாழன்தான் படகு. அப்புறம் சனிக்கிழம குகன் ஃப்ளைட் எப்படி லா? நான் அங்க கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கேன், பாருங்க."

அக்கா சட்டினிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். குகன் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தான். அந்தக் கேள்விக்குறியில் விரலை வைத்தான்.

"வேற வள்ளம் பிடிச்சு வந்திடலாம்," என்று நான் அவசரமாகச் சொன்னேன். "மீன்பிடி வள்ளங்கள் வந்து போகும்தானே."

"இன்னொரு தோசை போடுங்கோ அக்கா," என்றான் குகன்.

அவனுக்கு விளங்கிவிட்டதா, இல்லையா? அன்றிரவு அதை நினைத்து நினைத்து என்னால் தூங்கமுடியவில்லை. பட்டம் பழகும் ஆர்வம் மட்டும் அவனுக்குக் குறையவில்லை. முன்னறையில் அதை விரித்துவைத்து, குழாய்களுக்குப் பம்பால் காற்றடித்து, ஒரு கயிற்றையும் விடாமல் தடவிப் பார்த்தான். "முச்சை எங்க?" என்று கேட்டான். பட்டத்தின் மேற்கயிறுகள் சந்திக்கிற முடிச்சுக்கு எங்களூரில் முச்சை என்று பெயர். ஊரில் அவன் முச்சை கட்டின பட்டம் தலை குத்தினதாகச் சரித்திரமில்லை. இதில் அது இரண்டு நுனியிலும் இருக்கிறது என்று காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் கெட்டிக்காரன்தான், ஆனால் அலங்காரம் இல்லை," என்று தீர்ப்புச் சொன்னான். அந்த அரை மணித்தியாலம் மட்டும் நாங்கள் பழைய அண்ணன் தம்பியாக இருந்தோம்.

திங்கட்கிழமை பட்டத்தையும் எடுத்துக்கொண்டு எதிர்க்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸ் போனோம். அங்கே அரசாங்க அலுவலகமொன்றில் இருந்த அத்தானின் நண்பர், தீவில் தங்குவதற்கு ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். நண்பர் கடிதம் தரவில்லை, தேநீரும் பிசாங் கோரெங்கும் தந்தார். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது, நல்ல சூடு. வரும் வழியில் அறுவடை முடிந்த வயலைக் கண்டதும் பட்டத்தை ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம் என்று இறங்கினோம்.

குகன் ஐம்பது அடி தள்ளிப் போய்ப் பட்டத்தைத் தூக்கிப் பிடித்தான். நான் இழுத்தேன். எழும்பியது, தள்ளாடியது, வயலில் விழுந்தது. ஏழு தடவை இப்படியே. வரப்பில் நின்ற மலாய்க்காரர் ஒருவர் மிகவும் மரியாதையாக ஏதோ சொன்னார். அத்தான் மொழிபெயர்த்தார்: காலையில் கொஞ்சம் அசையும், பகலில் படுத்துவிடும், இந்தத் துணியைத் தூக்குகிற காற்று இங்கே வருவதில்லை. வயலில் காற்று இல்லாவிட்டால் கடலில் இருக்கும் என்றேன் நான். தை மாதம் என்றால் காற்று இருந்தே ஆகவேண்டும். குகன் சேறு பட்ட பட்டத்தைத் துடைத்தான்.

செவ்வாயும் புதனும் கடலோரத்துப் பாடாங்கில், அந்தப் பெரிய புல்வெளியில், நின்று கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். கொடி துவண்டு கிடந்தது. அக்காவோ பூசையறையில் காற்றுக்காக வேண்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

வியாழன் விடிய அத்தானின் பழைய காரின் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு தெற்கே புறப்பட்டோம். நிபோங் தெபாலுக்குப் பக்கத்தில், பைராம் தோட்டத்தைத் தாண்டும்போது கட்டு அவிழ்ந்து பலகை கண்ணாடிக்கு முன்னால் சரிந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஹார்ன் அடித்தன. இரண்டு தோட்டத் தொழிலாளிகள் இறங்கி வந்தார்கள்.

"என்னண்ணே இது, ஏரோப்ளேன் ரெக்கையா?" என்றார் ஒருவர்.

"கடல்ல சறுக்குறது லா," என்றார் அத்தான்.

"இங்க என்னத்தச் சறுக்குறது? குளம் மாதிரிதான கெடக்கு கடலு?" என்றார் மற்றவர். ஆனாலும் தன் தோட்டத்துக் கயிற்றால் பலகையை அசையவிடாமல் கட்டிக் கொடுத்தார். நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தான்தான் சொன்னார்.

துறையில் கருவாட்டு மணம். கடல் உண்மையிலேயே தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. படகுக்காரர் வயதான மலாய்க்காரர். அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர், பலகையையும் பட்டத்தையும் கண்டு வேலையை நிறுத்திவிட்டார். அத்தான் விளக்கினார். கிழவர் சிரிக்கவில்லை. நோயாளியின் வீட்டுக்காரருக்கு வைத்தியர் சொல்வது போல அமைதியாகச் சொன்னார்.

"காத்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்காம்," என்று அத்தான் தமிழாக்கினார். "கிழக்குக் கரையில இப்ப பேய்க்காத்து. ஆனா அங்க தீவுக்குப் படகு கிடையாது, கடல் மூடிட்டாங்க. இந்தப் பக்கம் படகு இருக்கு, காத்து இல்ல. வேற மாசம் வரச் சொல்றாரு."

"பரவாயில்லை," என்றேன். "சும்மா போய் இருப்பம். குளிப்பம். ஏறு குகன்."

அவன் ஏறவில்லை.

"காத்தில்லாத இடத்துக்குப் பட்டத்தைக் கொண்டு என்னத்துக்குப் போறியள் அண்ணா?"

"அந்தாள் சும்மா சொல்லுது. ரெண்டு நாளில காத்து வரும்."

"வராது. நடுவில மலைத்தொடர் கிடக்கு. வாடை எல்லாத்தையும் அங்கால்பக்கமே கொட்டிப்போடும். நான் இதைப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனான்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"உங்கட கடிதம் வந்த அண்டைக்கே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பிறகேன் எழுதேல்லை? ஏன் இவ்வளவு தூரம் என்னை அலைய விட்டனீ?"

குகன் மூட்டைகளைப் பார்த்தபடி சொன்னான். "எழுதினால் நீங்கள் வேற மாசத்துக்கு மாத்தியிருப்பியள். வேற மாசம் எனக்கு வெளிய வர ஆமி பாஸ் தருமோ, ஊரிலயிருந்து கப்பல் ஓடுமோ, ஆருக்குத் தெரியும்? இப்ப கிடைச்சுது. உங்களைப் பாக்கோணும் போல இருந்தது. அதுதான் வந்தனான்."

நான் பலகையின் மேல் உட்கார்ந்து அழுதேன். துறையில் இருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். படகு அரிசியோடு புறப்பட்டுப் போயிற்று. அத்தான் தன்னுடைய தாளை எடுத்து, அன்றைய வரியைப் பேனாவால் நேராகக் கோடு போட்டு வெட்டினார்.

வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் இருந்தோம். அக்கா அவனுக்குச் சட்டைகளும் மருந்துகளும் அடுக்கினார். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. பத்துத் தடவை அவன் படுத்திருந்த அறைக்குள் போனேன், பத்துத் தடவையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். அவன் ஒன்பது தடவை வேண்டாம் என்றான். ஒருமுறை வாங்கிக் குடித்தான்.

சனிக்கிழமை விமான நிலையத்தில் பயணிகள் உள்ளே போகத் தொடங்கினார்கள். குகன் அக்காவின் காலைத் தொட்டான். அத்தானுக்குக் கைகொடுத்தான். என் பக்கம் திரும்பி, "போட்டு வாறன் அண்ணா," என்றான். படலையடியில் நான் சொல்லிவிட்டுப் போன அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"போகாதை குகன். இஞ்ச நில். அக்கா வேலை பாத்துத் தருவா, நான் காசு அனுப்புறன். நீயும் செத்துப்போனால் எனக்கு ஆரடா இருக்கினம்? உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், போகாதை."

பின்னால் நின்றவர்கள் ஒதுங்கிப் போனார்கள். குகன் என்னை நன்றாகப் பார்த்தான். வந்த நாளிலிருந்து அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபம் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"இதைக் கேக்கத்தானே என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"ஓம்."

"முதல் நாளே கேட்டிருக்கலாமே அண்ணா. யோசிக்கிறதுக்குப் பதினாலு நாள் இருந்ததே."

அவனுடைய வரிசை நகர்ந்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

யோசித்திருந்தால் என்ன முடிவெடுத்திருப்பான் என்று வீடு வரும்வரை அக்கா காரில் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.